பதினொரு நிமிடம் கூடுதல்

அக்டோபரில் ஒரு செவ்வாய்,
அடையாறு சிக்னல் தாண்டியதும்
மாநகரப் பேருந்து ஒன்றின் பக்கக் கண்ணாடி
என் வலது முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.
இடிக்கவில்லை.
கல்யாணக் கூட்டத்தில் தெரிந்தவர் தொடுவாரே, அப்படி.
அன்றிரவு ரவை வறுக்கும்போதுதான்
கை நடுங்கியது.

நான் ரத்தம் எடுப்பவள்.
காலை ஏழிலிருந்து
பிறர் முழங்கை மடிப்பில் நரம்பு தேடுகிறேன்.
புடைத்துக்கொண்டு தெரிவதை நம்ப மாட்டேன்,
ஊசி பட்டதும் உருண்டு ஓடிவிடும்.
கண்ணுக்குத் தெரியாமல்
விரலுக்கு மட்டும் பதில் சொல்லும் ஒன்று
பக்கத்திலேயே இருக்கும்.

மறுநாளே தேட ஆரம்பித்தேன்.
திருவான்மியூரிலிருந்து மந்தைவெளி.
செல்போன் நீலக்கோடு போட்டு
இருபத்திரண்டு நிமிடம் என்றது.
பேருந்து போன அதே சாலை.

இந்திரா நகர் குறுக்குத் தெருக்களில் நுழைந்தேன்.
வண்டிகள் இல்லை.
விளக்குகளும் இல்லை.
தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே
என் பெடலின் கிரீச் சத்தம்
இரண்டு பேர் ஓட்டுவதுபோல் கேட்டது.
பின்னால் ஒரு பைக்
முந்தாமல், நிற்காமல்
பத்து வீடு தூரத்துக்கு வந்தது.
பெரிய சாலையில்
யாரும் என்னைப் பார்க்கவில்லையே என்று பயம்.
இங்கே
யாரோ பார்க்கிறார்களே என்று.
பேருந்தாவது ஹாரன் அடித்தது.

இஸ்திரி வண்டி வேளாங்கண்ணிதான்
சட்டைக் காலரை அழுத்தியபடி சொன்னாள்:
"அந்த வளைவுல போவாதக்கா,
நாய் குட்டி போட்டுருக்கு, பாயும்.
டியூஷன் சென்டர் சைடுல வுடு.
எட்டரை வரிக்கும் பசங்க இருக்கும்,
அவங்கள கூட்டினு போவ அம்மாமாரு நிக்கும்."

அப்படியே விட்டேன்.
டியூஷன் வாசல்,
அதைத் தாண்டி ஷட்டரைப் பாதி இறக்கிய மாவுக் கடை,
கஸ்தூரிபா நகரில்
தினமும் அதே ஏழே முக்காலுக்கு
பால்கனியில் சண்டை போடும் ஒரு தம்பதி
(அவர்கள் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதி),
சர்தார் பட்டேல் சாலையை
ஒரு ஷேர் ஆட்டோவின் மறைவில் கடந்து
காந்தி நகர்.
அங்கே யாரோ கீழ்வீட்டில் வயலின் பழகுகிறார்கள்.
மோசமாக. நன்றி.

எல்லாம் சரி.
பிறகு ஆறு வந்துவிட்டது.

ஆற்றுக்குக் குறுக்குத் தெரு கிடையாது.
கடலோரமாய் ஒரு பாலம் இருக்கிறது,
பேருந்தே வராது.
ஆனால் நடுவில் உடைந்து கிடக்கிறது.
மற்றபடி இந்தப் பக்கத்துக்கு
திரு.வி.க. பாலம்தான்,
எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும்.

இறங்கினேன்.
நாற்பத்துமூன்று வயதில்
நன்றாக ஓடும் சைக்கிளை
நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகிறேன்.
கீழே ஆறு நாறுகிறது.
மேலே ஏதோ ஒரு காற்று
துப்பட்டாவைக் கடலின் பக்கமிருந்து இழுக்கிறது.
எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்,
"பஞ்சரா?"
முதல் வாரம் இல்லை என்றேன்.
இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.
ஆமாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.
ஒருவர் கடைக்கு வழிகூடச் சொன்னார்.

பாலம் இறங்கி இடதுபுறம் பசுமைவழிச் சாலை.
அமைச்சர்கள் வீடு.
பள்ளமே இல்லை,
பகல்போல் விளக்கு,
பூத்துக்குப் பூத்து போலீஸ்.
யாருக்கோ போட்ட பாதுகாப்பில்
ஓரமாய் நானும் கொஞ்சம் ஓட்டிக்கொள்கிறேன்.

முப்பத்துமூன்று நிமிடம்.
"ஏம்மா லேட்டு?" என்கிறாள் மகள்,
கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிராமல்.

நவம்பர் மழையில் நான்கு நாள்
வேளாங்கண்ணி வண்டி போடவில்லை.
அந்தத் தெருமுனை கருப்பாக இருந்தது.
யாரும் இல்லாத இடத்தில்
மணியடித்துக்கொண்டே போனேன்.

நேற்று பாலத்தில்
எதிர்ப்பக்கமிருந்து ஒரு பெண்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
கேரியரில் சாப்பாட்டுப் பை, நீல யூனிபார்ம்.
"பஞ்சரா?" என்றேன்.
"ஆமாங்க" என்றாள்.

அவள் தாண்டிப் போனபின் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு டயரிலும்
கிண்ணென்று காற்று இருந்தது.